நிற்கும் உயரம்

யூபிஹீபி எரிமலைவாயிலிருந்து ரேஸ்டிராக் எனப்படும் உலர் ஏரிக்குச் செல்லும் மண்சாலை ஏறத்தாழ 27 மைல் நீளமுள்ளது. கலிஃபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவின் வரைபடத்தில் அது ஒரு மெல்லிய கோடு. அந்தக் கோட்டின் எட்டாவது மைலில் என் மனைவி வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு அவளுக்கு முதுகுத்தண்டில் அறுவைசிகிச்சை நடந்திருந்தது. இடுப்புக்குப் பின்னால் வைத்திருந்த தலையணையைக் கையால் அழுத்திப் பிடித்தபடி கண்களை மூடியிருந்தாள். "இனிமே இந்த மாதிரி எடத்துக்கெல்லாம் நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். வண்டியைத் திருப்பினேன்.

மகன் கல்லூரிக்குச் சென்றபின் இருவருமாகச் சுற்றுவதற்கென்றே வாங்கிய வண்டி அது. 1997ஆம் வருடத்து ஃபோர்ட் எஃப்-350, டீசல், நான்கு சக்கர இயக்கம். முந்தைய உரிமையாளர் அதை நான்கு அங்குலம் உயர்த்தியிருந்தார். பின்தொட்டியில் ஒரு கேம்பரை ஏற்றினோம். கூரையைத் தூக்கி விரித்தால் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ள சிறிய வீடு. ஜான் ஸ்டைன்பெக் 1960இல் இப்படி ஒரு வண்டியில்தான் தன் நாயுடன் அமெரிக்காவைச் சுற்றிவந்தார். டான் கிஹோட்டேயின் குதிரையின் பெயரை அதற்குச் சூட்டியிருந்தார். சலீனாஸ் நகர அருங்காட்சியகத்தில் அந்தப் பச்சை வண்டி இன்றும் நிற்கிறது. அதன் முன் நின்று நான் இலக்கியத்தை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். அளவுக்கு மீறிய பாரத்தால் ஓரிகனில் மழைக்கு நடுவே அதன் டயர் வெடித்ததை அவரே அந்நூலில் எழுதியிருக்கிறார் என்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை. பயண நூல்களில் நாம் படித்து மறந்துவிடுவது எப்போதும் இந்தப் பக்கங்களைத்தான்.

வீடு திரும்பியபின் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தேன். இடது பின்சக்கரத்தின் ஷாக் அப்சார்பரை மேலே பிடித்திருக்கும் இரும்புத் தாங்கி வளைந்திருந்தது. ஆறு மாதங்களுக்கு முன்பு நானே தேர்ந்தெடுத்து மாட்டிய புதிய ஷாக்குகள் அவை. கடையில் என்னிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: "எத்தனை அங்குலம் உயர்த்தியிருக்கிறது?" நான்கு என்றேன். நான்கு அங்குலத்துக்கு உரியதை எடுத்துக்கொடுத்தார்கள். முதுகில் எதைச் சுமக்கிறது என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஷாக் அப்சார்பர் என்ற பெயரே தவறாக வழிநடத்துவது என்று இப்போது தோன்றுகிறது. நாம் அதை 'அதிர்வுதாங்கி' என்று மொழிபெயர்த்து அந்தத் தவற்றை இன்னும் ஆழமாக்கினோம். அது எதையும் தாங்குவதில்லை. பாரத்தைத் தாங்குவதும் குழியின் அடியை வாங்கிக்கொள்வதும் ஸ்பிரிங்குகள்; இந்த வண்டியில் கமான் பட்டைகள். வாங்கிய அடியை ஸ்பிரிங் திருப்பிக் கொடுக்கும், மறுபடி வாங்கும், ஊஞ்சலைப்போல ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தைத் தணிப்பது மட்டுமே ஷாக்கின் வேலை. எண்ணெய் நிறைந்த குழாய்க்குள் ஒரு பிஸ்டன் சிறு துளைகளின் வழியே எண்ணெயைத் தள்ளிக்கொண்டு நகர்கிறது. அசைவு வெப்பமாக மாறிக் காற்றில் கலைகிறது. 'தணிப்பான்' என்று யாராவது பெயரிட்டிருந்தால் நான் கடையில் வேறு கேள்விகளைக் கேட்டிருப்பேனோ என்னவோ.

நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தமொன்றின் எடைமேடையில் வண்டியை ஏற்றினேன். தண்ணீர், மளிகை, மின்கலங்கள் எல்லாம் சேர்த்து கேம்பரின் பாரம் 2,200 பவுண்டு. இருபது காலன் தண்ணீர் மட்டுமே 167 பவுண்டு. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் எல்லைக்குள்தான் பின் அச்சின் எடை இருந்தது. ஆனால் அந்தப் பாரத்தில் வண்டியின் பின்பகுதி இரண்டரை அங்குலம் தாழ்ந்திருந்தது. நான்கு அங்குலம் உயர்ந்த வண்டி என்று நான் சொன்னது காலி வண்டியைப் பற்றி. காலியாக நாங்கள் எங்கும் போவதில்லை.

அடுத்த சனிக்கிழமை பாரத்தை இறக்காமலேயே அளந்தோம். நான் அடியில் படுத்து நாடாவைப் பிடிக்க, அவள் வெளியே நாற்காலியில் அமர்ந்து எண்களைக் குறித்துக்கொண்டாள். ஷாக்கின் மேல் ஆணிக்கும் கீழ் ஆணிக்கும் இடையே 19 அங்குலம். அச்சுக்கும் அதற்கு மேலுள்ள ரப்பர்த் தடுப்புக்கும் இடைவெளி மூன்றரை அங்குலம். ரப்பர் ஓர் அங்குலம் நசுங்கும் என்று வைத்துக்கொண்டாலும், சக்கரம் முழுதாக மேலேறும்போது ஷாக்குக்குக் கிடைப்பது பதினான்கரை அங்குலம். நான் மாட்டியிருந்ததோ முழுதாகச் சுருங்கினாலும் 16¼ அங்குலத்துக்குக் குறையாதது. தாளைப் பார்த்தபடியே அவள், "அப்ப ரப்பர்ல படறதுக்கு முன்னாடியே இது முட்டிக்கும் இல்லையா?" என்றாள். முட்டியிருந்தது. எட்டு மைல் தூரம் இரும்பு இரும்பில் முட்டியதைத்தான் அவள் முதுகு கேட்டுக்கொண்டிருந்தது.

நீளம் ஒருவழியாகத் தெரிந்துவிட்டது. மிச்சமிருந்தது வன்மை. பாரம் அதிகம் என்றால் கடினமான ஷாக் வேண்டும் என்பது எல்லோருக்கும் தோன்றுவது. வன்மையை மாற்றியமைக்கக்கூடிய ஒரு ஜோடியை நண்பரிடம் இரவல் வாங்கி உச்ச அளவில் வைத்து ஓட்டிப்பார்த்தேன். தார்ச்சாலை வளைவுகளில் கேம்பரின் சாய்வாட்டம் குறைந்தது உண்மை. மண்சாலையில் முன்னைவிட மோசம்.

காரணம் அச்சாலைகளின் இயல்பில் இருக்கிறது. துணி துவைக்கும் பலகையைப்போல அலையலையாக வரிகள் விழுந்த பரப்பு அது. வண்டிகளின் ஸ்பிரிங்குகளால்தான் அவ்வரிகள் உண்டாகின்றன என்று நான் நம்பியிருந்தேன். டாபர்லே, மோரிஸ், மெக்எல்வெயின் என்ற மூவர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பிரிங்கே இல்லாத சக்கரத்தை மணல்மேல் உருட்டினாலும் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குமேல் வரிகள் தோன்றிவிடுவதைக் காட்டினார்கள். ஆக அந்த வரிகளுக்குத் தப்ப முடியாது. சக்கரம் ஒவ்வொரு வரியிலும் ஏறி, அடுத்தது வருமுன் இறங்கிவிட வேண்டும். ஷாக் மீள்வதில் அளவுகடந்த வன்மை இருந்தால் சக்கரத்துக்கு இறங்க நேரம் கிடைக்காது. ஒவ்வொரு வரிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மேலேயே தங்கிப்போய், கடைசியில் ஸ்பிரிங்கே இல்லாத மாட்டுவண்டியாகிவிடும்.

எனவே தேடியது இதுதான்: பாரம் ஏறிய ஸ்பிரிங் துள்ளி மீள்வதை அடக்கும் அளவுக்கு மீள்வன்மை, அதற்கு மேல் வேண்டாம், சுருங்குவதில் இளக்கம், நெடுநேரம் குலுங்கினாலும் எண்ணெய் நுரைக்காத அமைப்பு. நுரைத்த எண்ணெயில் பிஸ்டனுக்குப் பிடிப்பு இருக்காது. எண்ணெயையும் அழுத்தப்பட்ட வாயுவையும் தனித்தனியே பிரித்துவைக்கும் ஒற்றைக்குழாய் ஷாக்கைப் பிரெஞ்சுப் பொறியாளர் கிறிஸ்தியன் பூர்சியே த கார்போன் வடிவமைத்தார். ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் அதை 1957இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களுக்குக் கொண்டுவந்தது. அவ்வகையில், சுருங்கினால் 14.2, விரிந்தால் 22.8 அங்குலம் உள்ள ஒரு ஜோடியை வாங்கினேன். எங்கள் அச்சு முழுதாகத் தொங்கும்போது 22 அங்குலம், அதற்கும் போதும். வளைந்த தாங்கியைப் பட்டறையில் வெட்டி எடுத்துப் புதியதைப் பற்றவைத்தார்கள். விலை கனமானதுதான். முதல்முறையே நாடாவை எடுத்திருந்தால் பாதியில் முடிந்திருக்கும்.

மார்ச் மாதம் மீண்டும் போனோம். அவளை நான் கூப்பிடவில்லை. எண்களைக் குறித்தவள் தானே புறப்பட்டாள், தலையணையுடன். எரிமலைவாயருகே நின்று டயர்களில் காற்றைக் குறைத்தேன், பாரம் அனுமதிக்கும் அளவுக்கு மட்டும். எட்டாவது மைலில் நான் அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பக்கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். இருபதாவது மைலையொட்டி டீகெட்டில் ஜங்ஷன். பயணிகள் விட்டுச்சென்ற கெண்டிகள் பெயர்ப்பலகையில் தொங்கி வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்தன.

அவள் இறங்கி, இடுப்பில் கைவைத்து மெதுவாக முன்னும் பின்னும் வளைந்து பார்த்தாள். ரேஸ்டிராக்கில் கற்கள் தாமாக நகர்ந்து தடம் விட்டுப்போவதைப் பற்றி அவள் முன்பே படித்திருந்தாள். மெல்லிய பனித்தகடுகள் இளங்காற்றில் தள்ளுவதால் அவை நகர்கின்றன என்று 2014இல் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதில் அவளுக்குச் சிறிது வருத்தம்கூட. "இன்னும் எவ்வளவு?" என்றாள்.

"ஆறு மைல்."

"வலி இருக்கு. ஆனா போலாம்."

நான் குனிந்து ஷாக்குகளைத் தொட்டுப் பார்த்தேன். உழைக்கும் ஷாக் சூடாக இருக்க வேண்டும். வலது பின்புறம் விரல் வைக்க முடியாத சூடு. இடதுபுறம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. நிழலா, அல்லது பற்றவைத்த தாங்கி இலேசாகக் கோணலாக இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் கதவைச் சாத்தும் ஓசை கேட்டது.