பனியாற்றுக்குப் போன நாள்

2025 ஆகஸ்டில் மகளோடு இருக்க கனடா போயிருந்தேன். எட்மன்டனில் அவளுக்கு வேலை. ஜாஸ்பர் தேசியப் பூங்காவில் பனியாறு இருக்கிறது, இரண்டு நாள் போய் வரலாம் என்றாள். அவளுடைய ஆபீஸ்காரப் பெண் ஒருத்தியும் அவள் கணவரும் கூட வந்தார்கள். இருவரும் நம்ம தமிழ்நாட்டுக்காரர்கள். முதல் நாள் ராத்திரி ஹின்டன் என்கிற சின்ன ஊரில் தங்கி, விடியற்காலையில் காரில் கிளம்பினோம். மகள் ஓட்டினாள், நான் முன்சீட்டில்.

ஹின்டனைத் தாண்டினால் அத்தபாஸ்கா ஆறு கூடவே வருகிறது. ரெண்டு பக்கமும் மலை. "மனுஷன் கையே படாத இடம் அங்கிள் இது" என்றார் பின்சீட்டிலிருந்த மாப்பிள்ளை. கை படாத இடத்துக்குத்தான் உலகத்தில் எவ்வளவு மரியாதை! தொடக்கூடாத மனுஷன் என்றால் மட்டும் வேறு கணக்கு.

அவர் சொன்னது உண்மையுமில்லை. மகள் வீட்டில் சும்மா கிடந்த நாட்களில் நூலகப் புத்தகம் ஒன்றைப் படித்திருந்தேன். அந்த ஆற்றங்கரையில் குடும்பங்கள் வாழ்ந்தன. மேட்டி என்று சொல்வார்கள். பூர்வகுடித் தாய்மாருக்கும், தோல் வியாபாரத்துக்கு வந்த வெள்ளையருக்கும் பிறந்த வம்சம். மோபர்லி குடும்பம் அதில் பெரியது. வீடு கட்டி, வேலி போட்டு, குதிரை வளர்த்து, வேட்டையாடி வாழ்ந்தார்கள். 1907இல் அரசாங்கம் இந்தப் பள்ளத்தாக்கை வனப் பூங்கா என்று அறிவித்தது. 1910 வாக்கில் அவர்களை வெளியேற்றியது. வேட்டைத் துப்பாக்கிகளுக்கு முத்திரை வைத்துவிட்டால் வேட்டைக்காரன் எத்தனை நாள் தாங்குவான்? வீட்டுக்கும் வேலிக்கும் பணம் கொடுத்தார்கள். நிலத்துக்குக் கொடுக்கவில்லை, நிலம் அவர்களுடையது என்று எந்தக் காகிதத்திலும் எழுதியில்லையாம். பலர் வடக்கே கிராண்ட் காஷ் பக்கம் போனார்கள்.

அதே பள்ளத்தாக்கில் லூயிஸ் ஸ்விஃப்ட் என்று ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். அவர் போகமாட்டேன் என்றார். அவருக்கு 1911இல் பட்டா கிடைத்தது.

பட்டா என்றதும் எனக்கு எங்க செங்கல்பட்டு ஜில்லா ஞாபகம். 1892இல் நமக்கென்று ஒதுக்கி, பிற சாதிக்கு விற்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்த பஞ்சமி நிலம். அங்கே காகிதம் இல்லையென்று பிடுங்கினார்கள், இங்கே காகிதம் இருந்தும் போனது. மோபர்லி வீடு ஒன்று இன்னமும் ஆற்றுக்கு அக்கரையில் நிற்கிறது, பூங்காக்காரர்களே காபந்து பண்ணுகிறார்கள். ஆட்களை அனுப்பிவிட்டு வீட்டைக் காப்பாற்றுகிறார்கள்.

இதையெல்லாம் காரில் சொன்னேன். மாப்பிள்ளை "ஓ, அப்படியா அங்கிள்" என்று கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து,

"அங்கிள், செங்கல்பட்டுல நீங்க எந்த சைடு?"

"மதுராந்தகம் பக்கம்."

"மதுராந்தகமா! எங்க சித்தப்பா அங்கதான் இருக்கார். ஊருக்குள்ளயா, இல்ல..."

அந்த 'இல்ல'வுக்குப் பிறகு அவர் நிறுத்தினார். இந்தக் கேள்வியை எனக்கு ஐம்பது வருஷமாகத் தெரியும். வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது, ஸ்டாஃப் ரூமில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது, கல்யாணப் பந்தியில். நேரே பதில் சொல்லிப் பழகினவன் நான். "காலனி சார், பறையர்" என்று சொல்லிவிட்டு எதிராளியின் மூஞ்சியைப் பார்ப்பதில் ஒரு ருசிகூட உண்டு. அன்று வாயைத் திறந்தேன். மகள் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"ஏரிக்கரை ஓரம்" என்றேன்.

பொய்யில்லை. எங்க தெரு ஏரிக்கரைதான். கரை உடைந்தால் முதலில் முழுகுகிற தெரு.

ஜாஸ்பர் ஊர் வந்தது. 2024 ஜூலைத் தீயில் ஊரின் மூன்றில் ஒரு பங்குக் கட்டடங்கள் போய்விட்டன. தெற்கே போகிற சாலையில் மரங்கள் கரிக்குச்சிகளாக நின்றன. இந்தச் சாலையும் 1930களின் பஞ்சத்தில் வேலையற்றவர்களை வைத்துப் போட்டது, 1940இல் திறந்தார்கள். இதன் பேரைச் சொல்கிறவர்கள் மண் சுமந்தவர்களைச் சொல்வதில்லை.

நூறு கிலோமீட்டர் போனதும் இடது பக்கம் கட்டடம், வலது பக்கம் பனியாறு. முதல் பார்வைக்கு ஏமாற்றம்தான். வெள்ளையாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். அடிப்பாகம் சாம்பலும் அழுக்குமாக, மேலே போகப் போகத்தான் வெள்ளை, வெடிப்புகளில் நீலம். ஆறு கிலோமீட்டர் நீளமாம். பெரிய சக்கரம் வைத்த பஸ்ஸில் பனி மேலேயே கூட்டிப் போகிறார்கள். டிக்கெட் விலையைக் கேட்டு நான் வேண்டாம் என்றேன், நாங்கள் நடந்தே அடிவாரத்துக்குப் போனோம்.

போகிற பாதையில் வருஷத்தை எழுதி நட்டிருக்கிறார்கள். அந்த வருஷம் பனி அங்கே இருந்தது என்று அர்த்தம். 1982 என்கிற இடத்தில் மூச்சு வாங்கியது, உட்கார்ந்தேன். 1982இல் நான் பள்ளிக்கூடத்துப் பையன். 1992 வந்தது, அதுக்கப்புறமும் பனியைக் காணோம், வெறும் சரளைக்கல். சுமார் 125 வருஷத்தில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. பூமி சூடாவதால் என்று மகள் விளக்கினாள். எட்மன்டன்காரர்கள் பலருக்கும் எண்ணெயில்தான் சோறு, இந்த மாப்பிள்ளைக்கும் அதில்தான் வேலை. அவர் தலையாட்டினார், அதற்குமேல் பேசவில்லை.

பனிக்கடியிலிருந்து தண்ணீர் சத்தத்தோடு வருகிறது. மோர் நிறம். சன்வாப்டா ஆறாக ஓடி, காலையில் பார்த்த அத்தபாஸ்காவில் சேர்ந்து, கடைசியில் ஆர்க்டிக் கடலுக்குப் போகிறது. கயிறு கட்டித் தடுத்திருக்கிறார்கள், வெடிப்பில் விழுந்தவர்கள் உயிரோடு வருவது அபூர்வம் என்பதால். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கிளை ஓடியது. கையை விட்டேன். விரல் மரத்துப்போனது.

"அங்கிள், தண்ணி" என்று மாப்பிள்ளை தன் பாட்டிலை நீட்டினார். வாய் வைத்துக் குடித்துவிட்டு நீட்டிய பாட்டில். நான் அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். 'இல்ல' என்று நிறுத்தின கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தால் நீட்டியிருப்பாரா? நீட்டியிருக்கலாம். நல்ல பையன். அதைத் தெரிந்துகொள்ளும் வழியை நான்தான் அடைத்துவிட்டேன்.

ராத்திரி ஹின்டனில் அறைக்கு வந்ததும் மகள் சொன்னாள்:

"தேங்க்ஸ்ப்பா."

"எதுக்கும்மா?"

"கார்ல... அவங்க ரெண்டு பேரும்தான் எனக்கு அங்க இருக்கிற ஃபிரெண்ட்ஸ்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

இதை எழுதப்போவதாக அவளிடம் போனில் சொன்னேன். "எழுதுங்கப்பா, என் பேரைப் போடாதீங்க" என்றாள். சரி என்றேன். என் பேரைப் போட்டால் அவள் பேரும் தெரிந்துவிடுமே என்று அப்புறம்தான் உறைத்தது. பேரை என்ன செய்வது என்று ஆசிரியரிடமே விட்டுவிடுகிறேன்.