பாப்பான், 74ஆம் எண் கடைவீடு

ஈப்போ பழைய நகரத் தெருக்களில் நடந்தால், அஞ்சடி நடைபாதைத் தூண்களில் 'விற்பனைக்கு' என்ற பலகைகள் ஆங்காங்கே தொங்கும். விளம்பரங்களில் நில அளவு இருக்கும்; நிரந்தர உரிமையா, 99 ஆண்டுக் குத்தகையா என்பது இருக்கும். அந்தக் கடையில் என்ன விற்றது, மாடியில் யார் பிள்ளை பெற்று வளர்த்தார்கள் என்பது மட்டும் எதிலும் இருக்காது. பழைய கடைவீட்டை வாங்குகிறவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான் என்பது என் எண்ணம்.

கீழே கடை, மேலே குடும்பம். பேராக்கின் ஈய நகரங்கள் எல்லாமே இந்த அமைப்பில் எழுந்தவை. 1892இல் பெருந்தீ ஒன்று ஈப்போவின் பாதிக்கும் மேற்பட்ட பகுதியை எரித்தது. அதன்பின் நேர்கோட்டுத் தெருக்களோடு ஊரை மறுபடி கட்டினார்கள். கடைவீட்டின் முகப்பு இருபது அடிக்குச் சற்று முன்பின் இருக்கும். உள்ளே நீளமோ நூறடியைத் தாண்டும். இரண்டு பக்கத்துச் சுவர்களுக்கும் குறுக்கே ஒற்றை உத்திரம் எட்டவேண்டும் என்பதால் அகலம் அவ்வளவுதான். நடுவில் வானம் பார்த்த முற்றம் ஒன்று வெளிச்சத்தையும் காற்றையும் மழையையும் உள்ளே இறக்கும். முகப்பில் விக்டோரியா காலத்து இங்கிலாந்தைப் பார்த்துச் செய்த தூண்தலைகளும் பூமாலைகளும் இருக்கும். சுண்ணாம்புச் சாந்தில் அவற்றை வடித்த கைகள் சீனக் கொத்தர்களுடையவை. தெருவோரம் அஞ்சடி: 1822இல் சிங்கப்பூருக்கு ராஃபிள்ஸ் வகுத்த திட்டத்தில் ஒவ்வொரு வீட்டின் முன்னும் இடைவெளியில்லாத மூடிய நடைபாதை வேண்டும் என்று கட்டளையிட்டார். அந்த விதி மலாயா நகரங்களுக்கும் பரவியது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கிய நம்மவர்கள் பூக்கடையும் தையல் பொறியும் போட்டுப் பிழைத்த இடம் அந்த அஞ்சடி.

இந்த வீடுகள் இத்தனை காலம் நின்றதற்கும், இப்போது விலைக்கு வருவதற்கும் சட்டம் ஒன்று பெரிய காரணம். 1948க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுக்குள் வைத்திருந்தது. உரிமையாளருக்குப் பழுதுபார்க்க வருமானம் இல்லை; குடியிருப்பவரை எழுப்பி இடிக்கவும் வழியில்லை. ஆகவே கட்டடங்கள் கூரை ஒழுகியபடியே பிழைத்துக் கிடந்தன. 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்ததும் இளையவர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். 1997இல் வாடகைச் சட்டம் நீக்கப்பட்டது. பின்னர் சில வீடுகள் காப்பிக்கடையாகவும் தங்கும் விடுதியாகவும் புதுவாழ்வு பெற்றன; பல பூட்டிக் கிடக்கின்றன.

நான் சொல்ல வந்த வீடு ஈப்போவில் இல்லை. பத்து காஜா பக்கம் போகும் வழியில், பாப்பான் என்ற சிற்றூரின் பெரிய தெருவில் இருக்கிறது. சுமத்ராவிலிருந்து குடியேறிய மண்டைலிங் மக்களின் தலைவர் ராஜா பிலா 1896இல் கட்டிய பெரிய மாளிகை அந்த ஊரில்தான் உள்ளது. ஈயம் தீர்ந்ததும் ஊரும் ஓய்ந்தது. வரிசைக் கடைவீடுகள் பலவற்றைச் செடிகொடி மூடிவிட்டது. சில சுவர்களை ஆலவேர்தான் பிடித்து நிறுத்தியிருக்கிறது. அந்த வரிசையில் 74ஆம் எண் வீடு இன்னும் நிற்கிறது.

1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுகளுக்குத் தப்பி அங்கே குடிவந்தவர்கள் டாக்டர் கார்த்திகேசுவும் அவர் மனைவி சிபிலும். டாக்டர் தைப்பிங்கில் பிறந்த தமிழர். ஆறுமுகம் என்பது பெற்றோர் இட்ட பெயர். 1919இல் கோலாலம்பூரில் கத்தோலிக்கத் தேவாலயத்தில் நடந்த திருமணத்துக்காக ஆப்டன் கிளெமென்ட் ஆனார். சிபில் மேடானில் பிறந்த யுரேசியப் பெண், தாதியும் மருத்துவச்சியும். கன்டனீஸ் சரளமாகப் பேசுவார். ஈப்போ புரூஸ்டர் சாலையில் 1926 முதல் இருவரும் மருந்தகம் நடத்தினார்கள்.

பாப்பானில் கீழ்த்தளம் மருந்தகமாயிற்று. பகலில் ஊர்மக்கள் முன்வாசல் வழியாகக் காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் வந்தார்கள். இருட்டியதும் ஜப்பானிய எதிர்ப்புப் படைக் கெரில்லாக்கள் தோட்டங்களைக் கடந்து பின்வாசலுக்கு வந்தார்கள். குண்டு பாய்ந்த காயங்களுக்கு அங்கே சிகிச்சை நடந்தது. தெருவைப் பார்த்த முன்பக்கம், காட்டைப் பார்த்த பின்பக்கம், நடுவே நீண்ட இருட்டு: கடைவீட்டின் அமைப்பே அவர்களுக்குத் துணையாயிற்று.

மரப்படிக்கட்டின் அடியில் தரையில் ஒரு குழி இருக்கிறது. குனிந்து பார்த்தால்தான் தெரியும். சிற்றலை வானொலிப் பெட்டியை ஒளித்து வைத்த இடம் அது. வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்டால் உயிர் போகும் என்ற காலத்தில் அந்தக் குடும்பம் பி.பி.சி. கேட்டது, செய்தியைக் கெரில்லாக்களுக்கும் சொல்லி அனுப்பியது. வானொலிக்கு அவர்கள் வைத்த சங்கேதப் பெயர் ஜோசஃபின்.

1943இல் ஜப்பானிய இராணுவக் காவல்படையான கெம்பெத்தாய் சிபிலைப் பிடித்தது. சித்திரவதையில் முதுகெலும்பு சேதமடைந்து நடக்கவே முடியாமல் போனார். சின்ன மகள் டானை அவர் கண்முன்னே மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டி மிரட்டினார்கள். அப்போதும் சிபில் எவர் பெயரையும் சொல்லவில்லை. ஆயுள் தண்டனை பெற்று, 1945இல் போர் முடிந்ததும் விடுதலையானார். சிகிச்சைக்குப் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார். அங்கே மன்னர் ஆறாம் ஜார்ஜிடம் வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கம் பெற்றார். ஆனால் தாடையில் விழுந்த பூட்ஸ் உதையின் பழைய காயம் இரத்தத்தில் நஞ்சாகி, 1948 ஜூன் 12இல் ஸ்காட்லாந்தின் லானார்க்கில் அவர் உயிரை வாங்கியது. மறுஆண்டு உடலை ஈப்போவுக்குக் கொண்டுவந்து, செயின்ட் மைக்கேல் தேவாலயத்தின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் எழுதிய நினைவுநூல் 1954இல் வெளிவந்தது.

பத்து காஜா வட்டாரத்துக்குச் சுற்றுலாப் பேருந்துகள் கெல்லி கோட்டையைப் பார்க்கத்தான் வருகின்றன. ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் ரப்பர்த் தோட்டப் பணத்தில் தமிழ்த் தொழிலாளர்களைக் கொண்டு எழுப்பிய மாளிகை அது; 1926இல் அவர் லிஸ்பனில் இறந்ததால் கட்டி முடியாமலே நின்றுவிட்டது. குடும்பம் வாழாத அந்தக் கோட்டைக்கு நுழைவுச்சீட்டும் வரிசையும் இருக்கின்றன. ஒரு குடும்பம் உயிரைப் பணயம் வைத்த கடைவீட்டுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு கவனமாவது வேண்டாமா? மரபுடைமை ஆர்வலர்கள் 74ஆம் எண்ணைக் காப்பாற்றி, படங்களையும் பொருள்களையும் வைத்துப் பார்க்க வருவோருக்குத் திறந்து காட்டிவந்திருக்கிறார்கள். தனிமனிதர்களின் உழைப்பில் நிற்பதால் எந்நேரமும் திறந்திருக்காது. முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது. பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள், கோட்டையிலிருந்து சிறிது தூரம்தான்.