பன்னிரண்டு நாள் கணக்கு

நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டில் கடல்பாசி காய்ச்சாத நாள் குறைவு. பாலும் சர்க்கரையும் சேர்ந்து தட்டில் உறையும் அந்தப் பண்டத்தை உறைய வைப்பது அகர். மன்னார் வளைகுடாவில் விளையும் மரிக்கொழுந்துப் பாசியில் அது இருக்கிறது. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கிக் கடலுக்குள் மூழ்கி அதைப் பறிப்பவர்கள் பெண்கள்.

1986இல் அங்குள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள ஆழமற்ற கடலும் தேசியப் பூங்காவாயின. வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வந்த இடத்தில் பாசி பறித்தல் குற்றமானது. பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கு வெட்டியவர்கள், இழுவைமடியால் கடலடியை வாரியவர்கள், கையால் பாசி பறித்தவர்கள் எல்லாரும் ஒரே பட்டியலில் சேர்ந்தார்கள்.

பாசி அழிந்தால் முதலில் பட்டினி கிடப்பது தாங்கள்தான் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும். அதனால் அவர்களே கூடிப் பேசினார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் பறிப்பது. இரும்புச் சுரண்டியைத் தொடுவதில்லை, கையால் மட்டும் எடுப்பது. வேர்பிடிப்பை விட்டுவைத்தால் பாசி மறுபடி தழைக்கும். இந்த ஒழுங்கைக் கட்டியெழுப்பியதில் முன்நின்ற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பு விருது கொடுத்தது.

அரசு ஆவணங்கள் இதைத்தான் ‘நீடித்த பயன்பாடு’ என்கின்றன. ஆனால் அந்தப் பெயரில் மானியத்தோடு இன்று வளர்க்கப்படுவது பெரும்பாலும் கப்பாபைகஸ் என்னும் அயல்பாசி. மூங்கில் மிதவைகளில் அதை வளர்த்துப் பிழைக்கும் பெண்களும் உண்டு. அந்த வருமானத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அது குருசடைத் தீவின் பவளத்தின்மேல் படர்ந்ததை 2008இலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். நம் கடலின் பாசியைப் பார்த்துப் பறித்தால் அத்துமீறல், அயல்பாசியை நட்டால் வளர்ச்சி என்றால், கொள்கை காப்பது எதை?

மீனவர் என்றதும் படகில் போகும் ஆண்தான் நினைவுக்கு வருகிறான். கடலில் மூழ்குகிறவள் மீனவரின் மனைவியாக எழுதப்படுகிறாள். தொழிலாளி என்று எழுதப்படாதவளுக்கு அந்தத் தொழிலின் உரிமையும் இல்லை, அதைப் பற்றிய கூட்டத்தில் நாற்காலியும் இல்லை. எந்த நாளில், எந்தத் தீவில், எவ்வளவு பறிக்கலாம் என்று முடிவெடுக்கும் இடத்தில் அவள் உட்கார வேண்டும். 12 நாள் கணக்கைப் போட்டவள் அவள்தானே.