எருக்கின் இயல்பு

திருவண்ணாமலைக்கு வடபால், வேலூர் செல்லும் சாலையில் உள்ளது வேங்கிக்கால் என்னும் ஊர். திருவண்ணாமலை 1989-ஆம் ஆண்டிலே தனி மாவட்டமாயிற்று. அதன் ஆட்சியர் அலுவலகம் இவ்வூரின்கண்ணே அமைந்துள்ளது. புதுமனைகள் நாளும் பெருகிவரும் இத்தகைய ஊர்களிலும், ஏரிக்கரை, தரிசு, சாலையோரம் ஆகிய இடங்களில் நீர்வார்ப்பாரின்றியே தழைத்து நிற்பது எருக்கு. சாம்பல் பூத்தாற்போன்ற தடித்த இலையும், ஊதாநிறக் கொத்துமலரும், கிள்ளியவிடத்தே பெருகும் வெண்பாலும் உடையது அது. வெண்மலர் பூப்பது வெள்ளெருக்கு எனப்படும். அது காண்டற்கு அரிது. மாடுகள் எருக்கில் பெரிதும் வாய்வையா. மலைவலம் வருவாரும் அதனை நோக்காது கடந்து செல்வர்.

மக்கள் கடந்து செல்லும் இச்செடியை இறைவன் புறக்கணித்தானல்லன். கொன்றையோடும் ஊமத்தையோடும் எருக்கினையும் அவன் சடைமேற் சூடியமையைத் தேவார ஆசிரியர் பாடிப் போற்றினர். அவன் வழிபாட்டிற்குரிய எட்டு மலர்களுள் வெள்ளெருக்கும் ஒன்று. விருத்தாசலத்தை அடுத்துள்ள திருவெருக்கத்தம்புலியூர், திருநீலகண்ட யாழ்ப்பாணர் தோன்றிய தலம். அதன் தலமரமும் வெள்ளெருக்கே. நல்லதென்றும் தீயதென்றும் எண்ணப்படாத எருக்கம்பூவேயாயினும், ஒருவர் இட்டால் கடவுள் அதனை வேண்டாவென்னார் என்னும் கருத்தினைக் கபிலர் புறநானூற்றிலே பாரியின் கொடைக்கு உவமையாக வைத்தார்.

மருத்துவ நூலாரும் இதனை விட்டாரல்லர். வடமொழியில் இதற்கு அர்க்கம் என்று பெயர். கதிரவனுக்கும் அதுவே பெயர். சரக சங்கிதையின் முதல் அத்தியாயம் எருக்கம்பாலை, வாந்தி பேதி இரண்டனையும் செய்விக்கும் மருந்தாக வகுத்துரைக்கின்றது. சுசுருதர் வகுத்த மருந்துத் தொகுதிகளுள் ஒன்று, எருக்கினை முதலாகக் கொண்டமையின் அர்க்காதி கணம் எனப் பெயர்பெற்றது. நாட்டுப்புறத்தார் இதன் இலையில் எண்ணெய் தடவி அனலில் வாட்டி மூட்டுவலிக்கு ஒத்தடம் கொடுப்பர். முள் தைத்த இடத்திற் பாலை இடுவர்.

இவ்வளவிற் கூறி நிறுத்தின் அது பாதி உண்மையேயாகும். இரசநூலார் எருக்கம்பாலை உபவிடங்களுள் ஒன்றாக எண்ணினர். கலோட்ரோப்பின் முதலிய, இதயத்தைத் தாக்கும் நச்சுப்பொருள்கள் அதன்கண் உள்ளன என்பதை இக்கால ஆராய்ச்சியும் தெளிவாக்கியுள்ளது. பூக்கொய்யுங்கால் அப்பால் கண்ணிற் படின், கருவிழி வீங்கிப் பார்வை மங்குதல் கூடும். நோவு மிகாமையாற் பலர் அதனைப் பொருட்படுத்தாது விடுவர்; அதுவே பெருங்கேடாய் முடியும். உடனே தூயநீரால் நெடுநேரம் கழுவிக் கண்மருத்துவரை அடைதலே செயற்பாலது. பூசைக்கு இம்மலர் கொய்யச் சிறுவரை ஏவுதலும், கொய்தபின் கைகழுவாது கண்ணைத் தொடுதலும் ஆகா. இறைவன் சூடிய மலராதலின் தீங்கு செய்யாது என்பாரும் உளர். நஞ்சினை உண்டும் அழியாதிருத்தல் திருநீலகண்டனுக்கே இயல்வது; பசு வர்க்கமாகிய உயிர்கட்கு இயல்வதன்று.

பிறிதொரு தீங்கும் உண்டு. வெள்ளெருக்கு வேரிற் செய்த பிள்ளையார் மனையில் இருப்பின் செல்வம் பெருகும் என்னும் ஆசையால், அரிதாய் நிற்கும் செடியை வேரொடு அகழ்வார் உளர். ஆண்டுதோறும் வழிபாட்டிற்கு மலர் தரவேண்டிய செடி அன்றே மாய்கின்றது. அன்பினால் ஒரு பூவை எடுப்பதும் ஆசையால் வேரை எடுப்பதும் ஒன்றாகுமோ?

நஞ்சும் முறையறிந்து வழங்கின் நன்மருந்தாம், மருந்தும் முறைதப்பின் நஞ்சாம் என்பது சரக சங்கிதை அம்முதல் அத்தியாயத்திலேயே வற்புறுத்தும் பொருள். சித்தாந்த நூல்கள் மாயையைப் பற்றிக் கூறுவதும் இதனோடு ஒத்து நிற்கின்றது. வண்ணான் சாணமும் உவர்மண்ணும் இட்டு ஆடையின் அழுக்கைப் போக்குமாறு போல, மாயை மலமேயாயினும் அதன் காரியமாகிய உடல் கருவிகளை உயிர்கட்குத் தந்து, அவற்றைக் கொண்டே இறைவன் ஆணவமலத்தை நீக்குகின்றான். இடுவோன் தொழிலறிந்தவனாதலின் அழுக்கு அழுக்கைப் போக்கிற்று. அறியாதான் கையிற் படின் அஃது ஆடையை மேலும் மாசுபடுத்தும். எருக்கின் பாலும் அத்தகையதே.

ஆதலின், எருக்கினை இழிந்ததென்று ஒதுக்குதலும் தகாது. தெய்வமலரென்று அஞ்சாது கையாளுதலும் தகாது. மலரை அன்போடு கொய்து, வேரை மண்ணிலே விடுத்து, பாலைப் பயின்ற மருத்துவரிடமே ஒப்புவித்தல் முறையாம். அடியார்க்கு அளவறிந்து நடத்தலும் வழிபாட்டின் ஒரு கூறே என்க.