உத்திரமேரூர் ஏரிக்கரை: வாகனமற்ற சைக்கிள் வழியின் மூலத்தைத் தேடி

கைவிடப்பட்ட இருப்புப்பாதைகளின் தண்டவாளங்களையும் குறுக்குக்கட்டைகளையும் பெயர்த்தெடுத்துவிட்டு, எஞ்சும் மண்மேட்டை நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் மட்டுமே ஒதுக்கும் வழக்கம் மேலைநாடுகளில் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் வேரூன்றியது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய், ஸ்பார்ட்டா என்னும் இரு சிற்றூர்களை இணைத்த ரயில் பாதை, அதன் மூன்று சுரங்கங்களோடு 1967இல் இவ்வாறு திறந்துவிடப்பட்டதே அந்நாட்டில் இவ்வகைப் பாதைகளுக்கு முன்னோடி எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ஸ்பெயின் 1993 முதல் தன் பழைய பாதைகளைப் 'பசுமை வழிகள்' என்ற பெயரில் மாற்றிவருகிறது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பாதை 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 150 கி.மீ. நீளத்துக்கு முழுமை பெற்றது. இப்பாதைகளின் சிறப்பு, வண்டி நெரிசல் இல்லை என்பதோடு முடிவதில்லை. நீராவி எஞ்சினால் செங்குத்தான ஏற்றத்தில் பளுவை இழுக்க முடியாதாகையால், நூறு அடி சென்றால் ஓரிரண்டு அடிக்கு மேல் உயராதபடி பள்ளத்தை மேடாக்கியும் மேட்டைக் குடைந்தும் போடப்பட்ட தடம், பின்னாளில் முதியவரும் சிறுவரும் மூச்சு வாங்காமல் மிதித்துச் செல்வதற்கு ஏற்றதாக அமைந்துவிட்டது.

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவிலுள்ள உத்திரமேரூரைச் சுற்றிலும் லாரியும் பேருந்தும் எட்டாத சைக்கிள் வழிகள் பல உள்ளன. அவற்றின் மூலத்தை ஆராயப் புகுவோர் முதலில் ரயிலின் பக்கம் திரும்புவது இயல்பே. காஞ்சிபுரத்தின் ரயில் வரலாறும் அந்த எண்ணத்துக்கு ஓரளவு இடம் கொடுக்கிறது. செலவு குறைந்த சிறு பாதைகளை அமைப்பதற்கென 1862இல் தோன்றிய இந்தியன் டிராம்வே கம்பெனி, அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரம் வரை 19 மைல் நீளத்துக்கு 3 அடி 6 அங்குல அகலத்தில் ஒரு பாதையை 1865இல் திறந்தது. இந்தியாவின் பிற பகுதிகளில் அதிகம் வழங்காத அந்த அகலம் நெடுநாள் நிலைக்கவில்லை. கம்பெனி 1874இல் தென்னிந்திய ரயில்வேயில் கலந்தது, பாதையும் 1878இல் மீட்டர் கேஜாக மாற்றப்பட்டது. அதன்பின் செங்கல்பட்டு வரை நீண்டு, அகலப்பாதையாகவும் மாறிய அத்தடத்தில் இன்றும் ரயில் ஓடுகிறது. ஓடும் ரயில் சைக்கிளுக்கு இடம் விடாது. உத்திரமேரூருக்கோ ரயில் வந்ததே இல்லை.

இருப்புப்பாதை உண்மையிலேயே அழிந்த இடங்கள் தமிழர் வாழும் பகுதிகளில் இல்லாமல் இல்லை. சாலை போடுவதற்கான கல்லைச் செங்குன்றத்திலிருந்து சுமந்துவர 1837இல் சென்னையில் இடப்பட்ட தடம், நாட்டின் முதல் ரயில் முயற்சி என்ற பெருமையை மட்டும் விட்டுவிட்டு மறைந்தது. தனுஷ்கோடி வரை சென்ற பாதையை 1964 டிசம்பர்ப் புயல் கொண்டுபோனது. 2017இல் அரிச்சல்முனை வரை மோட்டார் வாகனங்களுக்கான தார்ச்சாலை அங்கே திறக்கப்பட்டது. தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்திரளாகக் குடியேறிய மூணாற்றில், 1902இல் ஒற்றைத் தண்டவாளத்தில் தொடங்கி 1908இல் குறும்பாதையாக மாறிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அழிக்க, அதன் தடத்தின் சில பகுதிகள் பின்னர் சாலையாயின. கைவிடப்பட்ட ஒரு மண்மேட்டை வேகமில்லாத பயணத்துக்கென்று யாரும் ஒதுக்கி வைக்கவில்லை. நிலத்துக்கு இத்தனை தேவை உள்ள நாட்டில் அது எதிர்பார்க்கக்கூடியதும் அன்று.

ஆகவே தேடல் ரயிலை விட்டுக் கல்வெட்டுக்குத் திரும்ப வேண்டியுள்ளது. பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில், 8ஆம் நூற்றாண்டில், சதுர்வேதிமங்கலமாக, அதாவது வேதம் வல்ல அந்தணர்க்கு அளிக்கப்பட்ட ஊராக அமைந்தது உத்திரமேரூர். அவனுக்குப்பின் வந்த தந்திவர்மனின் விருதுப்பெயரால் ஊரின் பேரேரி வைரமேக தடாகம் எனப்பட்டது. முதலாம் பராந்தகச் சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921ஆம் ஆண்டுகளில் வைகுண்டப்பெருமாள் கோயிற் சுவரில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் தேர்தலுக்காகவே பெரும்பாலும் பேசப்படுகின்றன. பள்ளிப் பாடநூல்களும் வாக்குப்பெட்டியோடு நின்றுவிடுகின்றன. முப்பது குடும்புகளிலிருந்து, அதாவது முப்பது வார்டுகளிலிருந்து, ஓலை எடுத்துத் தேர்ந்தவர்கள் அதன்பின் என்ன வேலை செய்தார்கள் என்பதே இத்தேடலுக்கு வேண்டிய செய்தி. அவர்களுள் அறுவர் ஏரி வாரியமாக அமர்ந்து, 360 நாள் ஏரியைப் பார்த்துக்கொண்டனர். ஏரியில் தூர் எடுப்பதற்கென்று பொன்னை முதலாக வைத்து, அதன் வட்டியிலிருந்து ஆண்டுதோறும் வேலை நடத்தும் ஏற்பாடுகளும் இவ்வூர்க் கல்வெட்டுகளில் உண்டு. உள்வாயில், அதாவது நீர் தேங்கும் பரப்பில், வெட்டிய மண் கரையின்மேல் ஏற, ஏரி ஆழமானது, கரையும் உயர்ந்தது. ஊர் நிலங்களைக் குறிக்கும்போது இக்கல்வெட்டுகள் இன்ன வதிக்கு, அதாவது பாதைக்கு, மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு என்று எல்லை கூறுவதிலிருந்து, வழியும் நீரும் ஒரே கட்டத்துக்குள் சேர்த்தே அளக்கப்பட்டன என்பது தெரிகிறது.

கரையின் மேற்பரப்பு ஏன் சமமாக இருக்கிறது என்பதற்கான விடை இந்த வேலையின் இயல்பிலேயே உள்ளது. ஏரிக்கரையில் ஓர் இடம் மட்டும் ஒரு முழம் தாழ்ந்திருந்தாலும், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஏறிவரும் நீர் அந்த இடத்தில் வழிந்து, மண்ணை அரித்து, இரவோடு இரவாகக் கரையை உடைத்துவிடும். எனவே உபரி நீர் வெளியேறுவதற்கென்று கல்லால் கட்டிய கலங்கல் ஒன்றே தாழ்வாக இருக்க, கரை முழுவதும் அதைவிட உயரமாக ஒரே மட்டத்தில் செல்ல வேண்டும். ரயில் தடம் ஏற்றத்தைக் குறைக்கிறது. ஏரிக்கரையில் ஏற்றம் என்பதே இருக்கக் கூடாது. இந்த ஒரு வகையில் ஏரி வாரியத்தாரின் மண்வேலை ரயில் எஞ்சினியர்களுடையதைவிடக் கண்டிப்பானது என்றே சொல்ல வேண்டும். உத்திரமேரூர் வட்டாரத்துக் கரைகள் சைக்கிளுக்கு இசைந்திருப்பது இதனால்தான்; சுற்றுலாவை எண்ணி எவரும் அவற்றைக் கட்டவில்லை.

ஆனால் கரைக்கு ஒரு குறையுண்டு. ரயில் ஊரையும் ஊரையும் இணைக்கிறது. ஏரிக்கரையோ மேட்டுநிலத்தில் தொடங்கி, பிறைபோல் வளைந்து, மறுபடியும் மேட்டுநிலத்தில் முடிந்துவிடுகிறது. அதன் வழியே நெடுந்தூரம் போவது எப்படி என்ற ஐயத்துக்கு நீரே வழிகாட்டுகிறது. தொண்டை மண்டலத்து ஏரிகள் சங்கிலித்தொடராக அமைந்தவை: மேல் ஏரியின் கலங்கலில் வழியும் நீர் போக்குக்கால் வழியாகக் கீழ் ஏரிக்குப் போய்ச் சேரும். அந்தக் காலின் கரையோரமாக மாட்டுவண்டித் தடமோ ஒற்றையடிப் பாதையோ பல இடங்களில் இருப்பதால், ஒரு கரையின் முடிவிலிருந்து அடுத்த கரையின் தொடக்கத்துக்குப் பெருஞ்சாலையைத் தொடாமலே செல்ல இயல்கிறது. பிரிக்கப்படாத காஞ்சிபுரம் மாவட்டத்தில் பொதுப்பணித் துறையின் கணக்கில் மட்டும் 909 ஏரிகள் இருந்தன என்பதையும், ஊராட்சிகளின் சிற்றேரிகள் அக்கணக்கில் சேரா என்பதையும் நினைத்தால், இந்தப் பின்னலின் விரிவு புலப்படும்.

கரையில் சைக்கிள் மிதிப்பது எப்போதும் சுகமானதன்று. மார்கழி ஈரத்தில் பதிந்த மாட்டுக் குளம்புத் தடங்கள் மாசியில் காய்ந்து இறுகி ஹேண்டில்பாரை உதறவைக்கின்றன. சீமைக்கருவேல முள் டயரைத் துளைத்து டியூப்பில் ஏறுகிறது. மதகருகே, அதாவது பாசனத்துக்கு நீரைத் திறந்துவிடும் வாயருகே, கரை குறுகுவதால் இறங்கித் தள்ளிச் செல்ல வேண்டியுள்ளது. கலங்கலில் நீர் ஓடும் நாளில் கடப்பது ஆபத்து. உள்வாய்ப் பக்கம் அலை தின்னாதபடி பதித்த கற்களும் வெளிப்பக்கச் சரிவில் நிற்கும் பனைகளும் கரையைப் பிடித்து நிற்கின்றன. கரையைக் காப்பதற்கென்று வளர்ந்தவையே வழிப்போக்கருக்கு நிழலும் தருகின்றன.

இந்தக் கரைகளில் முதலில் சைக்கிள் ஓட்டியவர்கள் உல்லாசப் பயணிகள் அல்லர். அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்ட பிறகு சைக்கிள் மெல்ல மெல்லச் சிற்றூர்களுக்கும் பரவ, உரமூட்டையும் பால்கேனும் புல்கட்டும் கேரியரில் ஏறின. பெண்கள் சைக்கிள் கற்பதை ஓர் இயக்கமாக்கியது 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம். 2001-2002இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கி, பின்னர் பிற மாணவ மாணவியருக்கும் விரிந்த விலையில்லாச் சைக்கிள் திட்டம் கிராமத்துப் பிள்ளைகளைச் சைக்கிளில் ஏற்றியது.

உத்திரமேரூரிலிருந்து தென்கிழக்கே, கரிக்கிலி வழியாக வேடந்தாங்கல் வரை செல்லும் நாட்டுப்புறத் தடமே இவ்வட்டாரத்தில் பயணத்துக்கு மிகவும் உகந்தது எனலாம். வேடந்தாங்கலின் வரலாறும் ஏரியின் வரலாறே. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதை எதிர்த்து ஊரார் முறையிட, 1790களில் செங்கல்பட்டுச் சீமையின் கலெக்டராக இருந்து ஏரிகளைச் செப்பனிட்ட லயனல் பிளேஸ் 1798இல் அவர்களுக்குக் காப்புறுதி எழுதிக் கொடுத்தார். பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்பதே ஊராரின் வாதம். அங்கும் நீரைக் காத்ததன் பயனாகவே பறவைகளைக் காண வருவோருக்கு ஓர் இடம் கிடைத்தது. வேடந்தாங்கல், கரிக்கிலி இரண்டும் 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் பட்டியலில், இடம்பெற்றன.

அண்மைக்காலத்தில் நகரத்து ஏரிகளில் 'அழகுபடுத்துதல்' என்ற பெயரில் கரைமேல் சிமென்ட் தளமும் டைல்ஸும் பதித்து, விளக்குக்கம்பமும் நடுகிறார்கள். சைக்கிள் வழிக்கென்று இது உத்திரமேரூர்ப் பக்கமும் வந்தால் அது நன்மையாகாது. கரை மண்ணால் ஆனது. ஆண்டுதோறும் அமிழும், விரியும், மண் போட்டு மட்டம் பார்க்க வேண்டும். தளம் போட்டுவிட்டால் அடியில் விழும் வெடிப்பும் எலிவளையும் கண்ணுக்குத் தெரியா. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டம் காக்க முனைவது நீர்நிலையை. கரையில் செல்வோரின் வசதி அதற்குப் பிறகே.

ஆகவே இவ்வழிகளில் வருவோர் கலங்கல் ஓய்ந்த பின், தை முதல் பங்குனி வரையான காலத்தைத் தேர்ந்துகொண்டு, பஞ்சர் ஒட்டும் சாமான்களோடும் மாற்று டியூப்போடும் வரவேண்டும். கரை ஈரமாக இருந்தால் அதில் ஏறாமல் ஊர்த்தெரு வழியே சுற்றிப் போகவேண்டும். கரையில் வெடிப்போ கசிவோ கண்டால் அருகிலுள்ள நீர்வளத் துறை அலுவலகத்தில் சொல்லிவிட்டுச் செல்லவேண்டும்.