வீடு மாறும் காலத்தில் ஒரு கடற்பயணம்



இல்லறத்தில் இருக்கும் எவருக்கும் வீடு மாறுதல் புதியதன்று. வாடகை வீட்டில் வாழ்வோர் சில ஆண்டுகளுக்கு ஒரு முறையேனும் பானை சட்டிகளைக் கட்டி வண்டியில் ஏற்றுகின்றனர். சொந்த வீட்டில் வாழ்வோரும் பிள்ளைகளின் படிப்பு, தொழில், திருமணம் என ஏதேனும் ஒரு காரணம் பற்றி இடம் பெயர்கின்றனர். அவ்வேளையில் நாம் கணக்கெடுப்பவை கட்டில், பீரோ, எரிவாயு உருளை, குடும்ப அட்டை ஆகியவையே. பெரியவர்கள் விட்டு வருவது ஒரு கட்டடத்தை. பிள்ளைகள் விட்டு வருவதோ அவர்கள் அறிந்த உலகம் முழுவதையும். இந்த வேறுபாட்டை உணர்ந்து அவர்களை எவ்வாறு அழைத்துச் செல்வது என்பது பற்றியே இக்கட்டுரை.

நெசவும் ஆறும்

பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் செல்லும் சாலையில் பம்மலைக் கடந்ததும் வருவது அனகாபுத்தூர். தனி நகராட்சியாக இருந்த இவ்வூர் 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஊரின் ஓரமாக அடையாறு ஓடுகிறது. தலைக்கு மேலே மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களின் ஓசை ஓயாது கேட்கும். அதற்கும் முன்னரே இவ்வூருக்கு வேறோர் ஓசை உண்டு. அது தறியின் ஓசை.

உலகச் சந்தையில் 'மெட்ராஸ் கைக்குட்டை' என்று பெயர் பெற்ற கட்டம் போட்ட துணியை நெய்த ஊர்களுள் அனகாபுத்தூரும் ஒன்று. பெயர்தான் கைக்குட்டை. உண்மையில் அஃது உடுத்தும் துணியாகும். இத்துணி சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜீரியா வரை சென்றது. நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் இதனை 'இஞ்சிரி' என்று அழைப்பர். குழந்தை பிறந்தாலும், மணம் நிகழ்ந்தாலும், இறப்பு நேர்ந்தாலும் இத்துணி அவர்களுக்கு இன்றியமையாதது. நெய்தவர் ஒரு நாளும் ஏறியிராத கப்பலில் அவர் நெய்த துணி ஏறிச் சென்று, முகமறியாத மக்களின் இன்ப துன்பங்களில் பங்கு கொண்டது! ஏற்றுமதி தளர்ந்த பின்னர்ப் பல தறிகள் ஓய்ந்தன. எஞ்சிய நெசவாளர்களுள் சிலர் வாழைநார், சணல் முதலிய இயற்கை நார்களைக் கொண்டு சேலை நெய்து ஊரின் பெயரை மீண்டும் நிலைநாட்டினர்.

அடையாறு இவ்வூருக்கு அழகும் அச்சமுமாக விளங்குவது. 2015 டிசம்பர்த் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டபோது, ஆற்றங்கரைக் குடியிருப்புகள் நீரில் மூழ்கியதை எவரும் மறந்திருக்க முடியாது. அன்று நனைந்த பாடப்புத்தகங்களை மொட்டை மாடிகளில் விரித்துக் காயவைத்த காட்சி இன்றும் என் கண் முன் நிற்கிறது.

இரு சாவிகளுக்கு இடையே

இவ்வூரில் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்த நாங்கள், பணியிடம் மாறியதன் காரணமாகக் கிழக்குத் தாம்பரத்தில் வீடு பார்த்தோம். தொலைவு அதிகமன்று. ஆயினும் ஒன்பது வயது மகளுக்கும் ஆறு வயது மகனுக்கும் அது வேற்று நாடாகவே தோன்றிற்று. எதிர்வீட்டு நெசவாளப் பெரியவரின் தறிக்கு அருகே அமர்ந்து கதை கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். "அங்கே தறிச் சத்தம் கேட்குமா அத்தா?" என்று மகன் கேட்டபோது, கேட்காது என்பதைத் தவிர வேறு விடை என்னிடம் இல்லை.

பழைய வீட்டின் சாவியை முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ஒப்படைக்க வேண்டியிருந்தது. புதிய வீட்டின் சாவி கிடைக்க இரு வாரம் ஆகும் என்றனர். பொருள்களைப் பம்மலில் உறவினர் வீட்டில் வைத்தோம். என் துணைவியாரின் சகோதரர் அந்தமானில் சிறு வணிகம் செய்து வருகிறார். நெடுநாளாக அழைத்துக் கொண்டிருந்த அவரைக் காண இதுவே தருணம் எனத் துணைவியார் கூறினார். விமானத்தில் சென்றால் இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேல் ஆகும். கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். நாங்கள் கப்பலையே தேர்ந்தோம். பிள்ளைகளின் மனம் ஒரு வீட்டிலிருந்து விடுபட்டு மற்றொரு வீட்டுக்கு ஆயத்தமாவதற்கு அந்த மூன்று நாள் தேவை என்று எங்களுக்குத் தோன்றியதே காரணம்.

நீரின் மீது ஒரு குடும்பம்

சென்னையிலிருந்து அந்தமான் தலைநகர் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். 'நான்கவுரி', 'ஸ்வராஜ் தீப்' போன்ற அரசுக் கப்பல்கள் இத்தடத்தில் சென்று வந்துள்ளன. ஒரே கூடத்தில் வரிசையாகப் படுக்கைகள் அமைந்த எளிய வகுப்பும், இருவரோ நால்வரோ தங்கும் அறைகளும் இவற்றில் உண்டு. மாதத்திற்குச் சில பயணங்களே இருக்கும். புறப்படும் நாள் மாறுவதும் இயல்பு. ஆகவே பள்ளி திறக்கும் நாளுக்கு நெருக்கமாகத் திரும்பும் பயணத்தை வைத்துக் கொள்ளுதல் கூடாது.

எங்களுக்கு நால்வர் அறை ஒன்று கிடைத்தது. இரண்டு அடுக்காக நான்கு படுக்கைகள், ஓர் அலமாரி, ஒரு சிறு மேசை, வட்டச் சாளரம். பதினான்கு ஆண்டு இல்லறத்தில் சேர்த்த பொருள்கள் ஒரு லாரியை நிரப்பியிருந்தன. இங்கோ இரண்டு பைகளுடன் நால்வரும் குறைவின்றி வாழ்ந்தோம். "அம்மா, நம்ம வீடு இவ்வளவுதானா?" என்று மகள் வியப்புடன் கேட்டாள். அதிகாலையில் எழுதல், தொழுகை, ஒன்றாக அமர்ந்து உண்ணுதல், உறங்குமுன் கதை என வீட்டில் இருந்த ஒழுங்கு அனைத்தும் அச்சிறு அறையிலும் பிசகாது நடந்தன. வீட்டை வீடாக்குவது இந்த ஒழுங்கே என்பதைச் சொற்களின்றிப் பிள்ளைகள் அறிந்து கொண்டனர்.

கப்பல் துறைமுகத்தை நீங்கியபோது மெரினாவும் கலங்கரை விளக்கமும் கண்ணுக்குத் தெரிந்தன. அதற்குத் தெற்கே பட்டினப்பாக்கத்தை ஒட்டித்தான் அடையாறு கடலில் கலக்கிறது. "நம்ம ஆத்துத் தண்ணி இந்தக் கடலுக்குத்தான் வருதா?" என்றான் மகன். ஆம் என்றதும் அவன் முகத்தில் தோன்றிய நிம்மதியை நான் எழுத்தில் வடிக்க இயலாது. ஊர் தன்னை விட்டுவிடவில்லை, உடன் வருகிறது என்று அவன் எண்ணியிருக்கக் கூடும்.

முதல் நாள் இரவு கப்பல் ஆடியது. துணைவியாருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் ஏற்பட்டன. வயிற்றைக் காலியாக விடாமல் ரொட்டி போன்ற உலர்ந்த உணவைச் சிறிது சிறிதாக உண்பதும், மேல்தளத்திற்குச் சென்று தொடுவானத்தை நோக்கியவாறு காற்று வாங்குவதும் நற்பயன் தந்தன. பயணம் புறப்படுமுன் மருத்துவரைக் கலந்து உரிய மாத்திரைகளை வாங்கி வைப்பது நலம். மேல்தளத்தில் பிள்ளைகளைத் தனியே விடலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பயணியின் தொழுகைச் சுருக்கத்தைப் பற்றி மதரஸாவில் எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். கப்பலில் அந்தப் பாடத்திற்கு உயிர் வந்தது. நிற்க இயலுமெனில் நின்றும், ஆட்டத்தால் இயலாதெனில் அமர்ந்தும் தொழலாம். மாலுமி ஒருவரிடம் திசை கேட்டு மேற்கை அறிந்தோம். கிழக்கே செல்லச் செல்ல மஃரிபு முந்தி வருவதைப் பிள்ளைகள் என் கைக்கடிகாரத்தில் கண்டு வியந்தனர். அந்தமான் சென்னைக்குக் கிழக்கே பன்னிரண்டு பாகைக்கும் சற்று மிகுதியான தீர்க்கரேகைத் தொலைவில் உள்ளது. இரண்டிடத்திலும் கடிகாரம் ஒன்றே. எனினும் அங்கே கதிரவன் ஏறத்தாழ 50 நிமிடம் முன்னதாக மறைகிறது. புவியியல் பாடத்தை இதனினும் எளிதாக எவரால் கற்பிக்க முடியும்?

வசதி படைத்த வாசகர்களுக்கு ஒரு சொல். 2022 ஜூனில் கார்டீலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. 2023 ஜூனில் இலங்கைக்கும் சென்றது. பதினொரு தளங்கள் கொண்ட அக்கப்பலில் நீச்சற்குளமும், அரங்கும், சிறுவர் விளையாட்டிடமும் உண்டு. இத்தகைய கப்பல்களில் மதுக்கூடமும் சூதாட்டக் கூடமும் கூட இருக்கும். செல்ல விரும்புவோர் ஹலால் உணவு பற்றி முன்னரே எழுதிக் கேட்டு உறுதி செய்து கொள்ளட்டும். பிள்ளைகளுடன் எங்கே பொழுதைக் கழிப்பது என்பதையும் புறப்படுமுன் முடிவு செய்யட்டும்.

தீவில் கண்ட ஊர்ப்பெயர்கள்

2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என வழங்கிய நகரம் இப்போது ஸ்ரீ விஜயபுரம். அங்கே நான்கு நாள் தங்கினோம். கடற்கரைகளையும் சிற்றறைச் சிறையையும் அனைவரும் காண்கின்றனர். எங்கள் நெஞ்சைத் தொட்டவை வேறு. தென் அந்தமானில் மஞ்சேரி, திரூர், வண்டூர், கள்ளிக்கோட்டை என்னும் பெயர்களில் ஊர்கள் உள்ளன. இவை கேரளத்து மலபாரின் ஊர்ப்பெயர்கள் அல்லவா?

1921-ஆம் ஆண்டு மலபார்க் கிளர்ச்சியை அடுத்து மாப்பிள்ளை முஸ்லிம்கள் பலர் ஆங்கில அரசால் கைதிகளாக இத்தீவுகளுக்கு அனுப்பப்பட்டனர். பின்னர் அவர்களுள் பலர் தம் மனைவி மக்களை வரவழைத்து இங்கேயே குடியமர்ந்தனர். அவர்கள் விரும்பி வீடு மாறியவர்கள் அல்லர். லாரி நிறைய ஏற்றி வரப் பொருளும் அவர்களிடம் இருந்திருக்காது. பிறந்த ஊரின் பெயரை மட்டும் கொண்டு வந்தனர். காட்டைத் திருத்திய நிலத்திற்கு அப்பெயரையே சூட்டினர். அங்கே பிறந்த பிள்ளைகளும் மஞ்சேரியில் பிறந்தவர்களாகவே வளர்ந்தனர்.

இதனை மைத்துனர் விளக்கியபோது என் பிள்ளைகள் பேசாமல் கேட்டுக் கொண்டிருந்தனர். சென்னை திரும்பிப் புதுவீட்டில் குடியேறிய மூன்றாம் நாள், மாடிப்படிக்குக் கீழே இருந்த சிற்றிடத்தின் சுவரில் சுண்ணக்கட்டியால் 'அனகாபுத்தூர்' என்று எழுதியிருந்தது. பால்கனிக்கு 'ஆற்றங்கரை' என்று பெயர். இன்றளவும் எங்கள் வீட்டில் துவைத்த துணி காய்வது ஆற்றங்கரையில்தான்!

விரும்பாமல் வீடு மாறியோர்

எங்கள் இடமாற்றத்தில் நாள் குறித்தவர்கள் நாங்களே. இந்த வாய்ப்பு அனைவருக்கும் கிட்டுவதில்லை. 2025 மே மாதத்தில் அனகாபுத்தூரில் அடையாற்றங்கரையிலிருந்த குடியிருப்புகள் ஆக்கிரமிப்பு எனக் கூறி அகற்றப்பட்டன. காயிதே மில்லத் நகரும் அவற்றுள் ஒன்று. அங்கு வாழ்ந்த குடும்பங்களுக்குப் பெரும்பாக்கம், கீரப்பாக்கம், தைலாவரம் முதலிய இடங்களில் அரசின் அடுக்குமாடி வீடுகள் ஒதுக்கப்பட்டன. ஆற்றின் நலனும் வெள்ளத் தடுப்பும் வேண்டுவனவே. ஆயினும் பள்ளி திறக்கச் சில நாளே இருந்த வேளையில், நெடுந்தொலைவுக்கு அப்பால் குடியேறிய பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். தந்தையின் வேலை பழைய ஊரில், உறக்கம் புதிய ஊரில், தோழர்கள் திசைக்கொருவராய்!

இத்தகையோருக்கு நாம் செய்யக் கூடியவை பல. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, தொடக்கக் கல்வி முடியாத பிள்ளைக்கு வேறோர் அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறும் உரிமை உண்டு. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்று கூறிச் சேர்க்கையை மறுக்கலாகாது. இதனை அறியாத பெற்றோருடன் படித்த ஒருவர் பள்ளி வரை சென்றாலே போதும், ஓராண்டுப் படிப்பு காப்பாற்றப்படும். குடும்ப அட்டையில் முகவரி மாற்றுவதற்கும் வழிகாட்டலாம். ஜமாஅத்தார் மாதம் ஒரு முறை வாகனம் அமர்த்தி, புதிய குடியிருப்பில் உள்ள பிள்ளைகளைப் பழைய ஊருக்கு அழைத்து வந்து தோழர்களுடன் ஒரு பகற்பொழுது விளையாடச் செய்யலாம். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

வாசகர்களே! நீங்களும் ஒரு நாள் வீடு மாறுவீர்கள். எல்லாரும் கப்பலேற வேண்டும் என்று நான் கூறவில்லை. மாறுவதற்கு முன் பிள்ளையின் கையைப் பிடித்துப் பழைய தெருவை ஒரு முறை முழுதாகச் சுற்றி வாருங்கள். அண்டை வீட்டாரிடம் அவனே விடைபெறட்டும். அவன் விரும்பும் ஒரு பொருளை, உங்கள் பார்வையில் அது குப்பையே ஆயினும், வண்டியில் ஏற்ற இசையுங்கள். புதிய வீட்டில் முதல் நாளே பழைய நேரத்தில் உணவும், பழைய நேரத்தில் உறக்கமும் அமையட்டும். பெட்டிகளைப் பிரிப்பதற்கு ஒரு வாரம் ஆனாலும் குற்றமில்லை. அதற்கு முன் பிள்ளைகளை அருகில் அமர்த்தி, எந்த அறைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அவர்களையே கேளுங்கள்.