வெட்டிய மட்கார்டுக்கு என்ன விலை?

பழைய வண்டியை மாற்றிக் கட்டியவன் தன் செலவையெல்லாம் விலையில் சேர்த்துதான் சொல்வான். அலாய் வீலுக்கு இவ்வளவு, டிஸ்க் பிரேக்குக்கு இவ்வளவு, பெயின்ட்டுக்கு இவ்வளவு என்று ரசீதைக்கூட எடுத்து நீட்டுவான். வாங்க வருகிறவன் கூட்டக் கூடாது, கழிக்க வேண்டும். தெரிந்தவர்களுக்காகப் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளைப் பார்த்து விலை சொல்கிற பழக்கத்தில் நான் பிடித்துக்கொண்ட வழி இதுதான். ஒருமுறை மட்டும் எனக்குக் கழிக்க மனம் வரவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

காரிமங்கலத்தில் செவ்வாய்க்கிழமைச் சந்தையைப் பார்த்து வளர்ந்தவன் நான். கொம்பு சீவி, சாயம் பூசி, சலங்கை கட்டி நிற்கிற காளையிடம் அப்பா முதலில் வாயைத்தான் திறந்து பார்ப்பார். அலங்காரம் எதையும் சொல்லும்; பல் வயதைத்தான் சொல்லும். வண்டிக்கு இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் அப்படி.

வெளிநாட்டில் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு இருக்கிற மவுசு எங்கள் பக்கம் யமஹா ஆர்எக்ஸ் 100-க்கு உண்டு. 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன வண்டி. 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோ சொச்சம். அந்த எடைக்கு அந்தத் திறன் என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. இன்று ஒரிஜினலாக, நல்ல நிலையில் கிடைத்தால் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடுகிறது.

மதுவிலக்கு வழக்குகளில் பறிமுதலான வண்டிகளை தர்மபுரியில் அவ்வப்போது ஏலம் விடுவார்கள். அப்படி ஒன்றுக்குத்தான் தங்கை மகன் கூப்பிட்டான். "மாமா, ஆர்எக்ஸ் ஒண்ணு வருது. சும்மா ஜம்முனு கட்டியிருக்காங்க. நீங்க வந்து பாத்து ஒரு ரேட்டு சொல்லுங்க." முன்பணம் கட்டினால் ஏலம் கேட்கலாம். வண்டியைச் சுற்றி வந்து பார்க்கலாம், ஓட்டிப் பார்க்க வழியில்லை. எடுத்த தொகைக்கு மேல் ஜிஎஸ்டி தனி.

வெயிலில் கிடந்து மஞ்சள் பெயின்ட் வெளுத்திருந்தது. தாழ்ந்த ஹேண்டில்பார், முன்னால் டிஸ்க், சேம்பர் சைலன்சர், பாதியில் வெட்டிய பின்பக்க மட்கார்டு. பையன்கள் அதைச் சுற்றியே நின்றார்கள். நான் முதலில் இன்ஜின் நம்பரைத் துடைத்தேன். ஆர்எக்ஸ் 100-க்கு உரியபடி 1எல்1 என்றே தொடங்கியது. எழுத்துகளைச் சுற்றி கிரைண்டர் பட்ட தடம் இல்லை. ஸ்டியரிங் கழுத்தில் சேஸிஸ் நம்பரும் சுத்தம். பிறகு சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவினேன். சேஸிஸை வெட்டி ஒட்டியிருந்தால் வெல்டிங் கரடு விரலில் தட்டும். தட்டவில்லை. என் தீர்ப்பில் பாதி அங்கேயே முடிந்துவிட்டது. போல்ட்டில் நிற்கிற மாற்றத்தை ஸ்பேனரால் கழற்றிவிடலாம். வெல்டிங்கில் நிற்கிற மாற்றம் வண்டியோடு கடைசிவரை வரும்.

மீதியெல்லாம் கழித்தல். டிஸ்க் பிரேக் வர வேண்டுமென்றால் வேறொரு வண்டியின் ஃபோர்க் வந்திருக்கிறது, ஒரிஜினல் ஃபோர்க்கும் டிரம் சக்கரமும் போயிருக்கின்றன. ஆயில் பம்ப்பைக் கழற்றி ஓட்டையை அடைத்திருந்தார்கள். பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். சைலன்சர், மீட்டர், மட்கார்டு எல்லாம் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரிஜினல் சாமான்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்து கூடவே கொடுக்கிறவரிடம் நான் தாராளமாக விலை பேசுவேன். ஏலத்தில் அந்தச் சாக்கு வராது. சட்டமும் பக்கத்தில் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. கழித்துக் கழித்து 45 ஆயிரத்தில் வந்து நின்றேன். "அதுக்கு மேல ஒரு ரூபா போகாதே" என்று சொன்னேன். 43-க்குக் கிடைத்தது.

மாற்றம் எல்லாமே விலையைக் குறைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய 1968 மஸ்டாங் காரைச் சொல்ல வேண்டும். படப்பிடிப்புக்காக கேமரா தாங்கிகளை அடியில் வெல்டிங் வைத்திருந்தார்கள். 1974-ல் ஒரு குடும்பம் அதை 6,000 டாலருக்கு வாங்கியது. மூன்று வருஷம் கழித்து மெக்வீனே திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதினார், அவர்கள் கொடுக்கவில்லை. 2020 ஜனவரியில் ஃபுளோரிடா ஏலத்தில் அது 34 லட்சம் டாலருக்குப் போனது. அந்த வெல்டிங்கை ஒருவர் இழைத்து எடுத்திருந்தால் வண்டி என்ன ஆகியிருக்கும்! நம் பக்கத்திலும் உண்டு. சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் ஓடிய ஃபியட்டோ, கோவை கரிவர்தன் மாருதி இன்ஜின் வைத்துக் கட்டிய பந்தயக் காரோ உரிய தாள்களோடு வந்தால், ஒரு நட்டைக்கூட மாற்றக் கூடாது. யார் செய்தது, எதற்குச் செய்தது என்பதற்குச் சாட்சி இருந்தால் மாற்றமே சரித்திரம். சாட்சி இல்லாவிட்டால் அது வெறும் செலவு.

அந்த மஞ்சள் வண்டிக்குச் சாட்சி எதுவும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து ஹெட்டைக் கழற்றி, பிளாக்கைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். புகை போகிற போர்ட்டின் மேல் விளிம்பை யாரோ ஒருவன் அளந்து உயர்த்தியிருந்தான். இரண்டு பக்க டிரான்ஸ்ஃபர் போர்ட்டும் ஒன்றைப் போல இன்னொன்று. சாதாரணமாக இந்த வேலையில் அரத்தின் கீறல் தெரியும், ஒரு பக்கம் கூடிப்போயிருக்கும். இதில் விரலை விட்டால் வழுக்கியது. ரிங் மாட்டாமல் இருக்க விளிம்பெல்லாம் மழுக்கியிருந்தான். ஒரு பட்டறையில் மணிக்கணக்காகக் குனிந்து உட்கார்ந்து, யாரும் பார்க்கப் போகாத இடத்தில் ஒருவன் இவ்வளவு சுத்தமாக வேலை செய்திருக்கிறான். பெயர் போடவில்லை. சந்தை இதற்கு ஒரு பைசா தராது என்று எனக்குத் தெரியும். முன்பே தெரிந்திருந்தால் நானும் என் கணக்கில் இதைக் கழித்திருப்பேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"வேற பிளாக் தேடிப் போட்டுக்கலாம்டா, இதைத் தூக்கிப் போட்டுறாதே" என்றேன். "இது எதுக்கு மாமா, இரும்புக் கடைக்குத்தானே" என்றான். அவனையும் பக்கத்தில் உட்காரவைத்து டார்ச் அடித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தவன், யார் செய்திருப்பார்கள் என்று கேட்டான். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் பழைய மெக்கானிக்குகளிடம் இன்னமும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

வண்டி இப்போது ஸ்டாண்டர்டு பிளாக்கில் ஓடுகிறது. ஃபோர்க் கிடைத்துவிட்டது, ஆயில் பம்ப்பும் கிடைத்துவிட்டது. கேட்டு வருகிறவர்களுக்கு அவன் ஒரு விலை சொல்கிறான். அந்த பிளாக்கோடு சேர்த்துக் கேட்டால் பதினைந்தாயிரம் கூடுதல். அந்தக் கூடுதலை வைத்தது நான்தான்.